கிழிந்த காலணிக்காரன்

தலையிலே சின்னத் தொப்பி. உதட்டின் மேலே ஒட்டு மீசை. மார்பை இறுக்கும் மேற்சட்டை. இடுப்பிலே நிற்காத கால்சட்டை. காலிலே, வேறு எவனுடைய காலுக்கோ தைத்த காலணி! கையிலே ஒரு பிரம்பு. பிழைக்க வழியில்லாதவன்; ஆனால் பிரபுவைப் போல் அதைச் சுழற்றிக்கொண்டு நடக்கிறான். யார் என்று சொல்லவும் வேண்டுமோ? பல் போன பாட்டியும் பால் குடிக்கும் பாலகனும் பார்த்தவுடன் சிரித்துவிடும் உருவம் அல்லவா அது! சார்லி சாப்ளின்!

சென்ற மாதம் நம் தோழர்கள் நடத்தும் படிப்பகம் ஒன்றிலே, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அவருடைய ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தைக் காட்டினார்கள். 1936-ல் வந்த படம். ‘நவீன காலம்’ என்று நாம் தமிழிலே சொல்லலாம். மூட்டை சுமக்கும் தோழர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிமார், பேரனை மடியிலே கிடத்திய ஆயா என்று கூட்டம் வாயிற்படியையும் தாண்டித் தெருவிலே நின்றது. ஆங்கிலம் அறிந்தவர் அந்தக் கூட்டத்திலே ஐந்து பேர் இருந்தால் அதிகம். அதனாலே என்ன? சிரிப்புக்கு இலக்கணம் படிக்க வேண்டியதில்லையே!

ஆலையிலே பட்டை ஓடுகிறது. பட்டை மேலே இரும்புத் துண்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மரைகள். இரு கைகளிலும் இரண்டு திருகுகோல் பிடித்து அவற்றை முறுக்க வேண்டும்; அதுதான் அவனுக்கு வேலை. மூக்கிலே ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாது. விரட்டினால் துண்டு ஓடிவிடும். துண்டு ஓடினால் அடுத்தவன் திட்டுவான். முதலாளிக்கு ஓர் எண்ணம்: சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடித்தால் என்ன? உடனே வருகிறது சோறூட்டும் இயந்திரம்! தொழிலாளியை அதிலே மாட்டுகிறார்கள். சூப்பு ஒரு கிண்ணம், சோளக்கதிர் ஒன்று, வாயைத் துடைக்க ஒரு பஞ்சு. இயந்திரத்துக்குப் பித்துப் பிடிக்கிறது. சோளக்கதிர் அரவை இயந்திரம் போல் பல்லிலே சுழல்கிறது. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நாமும் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

முன்வரிசையிலே வயதான ஆலைத் தோழர் ஒருவர். நெசவாலையிலே முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்ந்தவர். அவரும் சிரித்தார். ஆனால் படத்திலே இன்னொரு கட்டம் உண்டு. பட்டை நின்றுவிட்டது. வேலை நின்றுவிட்டது. ஆனால் அவனுடைய கைகள் மட்டும் நிற்கவில்லை. எதிரே இருப்பதையெல்லாம் முறுக்குவது போல் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அங்கே அந்தப் பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். தம்முடைய வலது கையை எடுத்து, இடது கையாலே பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்த பிறகு தேநீர்க் கடையிலே ஒரு வாதம். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர், கோபக்காரர், நல்லவர், நம்மை மடக்கினார். இந்தச் சாப்ளின் பெருங்கோடீசுவரனாக வாழ்ந்து, சுவிட்சர்லாந்து மாளிகையிலே மறைந்தவராயிற்றே, ஏழையின் கந்தலை வேடமாகப் போட்டு ஏழையிடமே காசு வாங்கியவரை எதற்காக நம் படிப்பகத்திலே காட்டுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி! நாற்காலியிலே சாய்ந்துகொண்டு கேட்ட கேள்வி அல்ல. நாலு பேர் முன்னிலையிலே நெஞ்சைத் தொட்டுக் கேட்ட கேள்வி. தேநீர்க் கடையிலே அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்லுவோம்.

1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ல் பிறந்தவர் சாப்ளின். ஊர், இலண்டன் மாநகரம். மன்னரும் மாளிகையும் இருக்கும் இலண்டன் அல்ல. தேம்சு ஆற்றுக்குத் தெற்கே, புகையும் பசியும் குடியிருந்த இலண்டன். தந்தையும் பாடகர், தாய் ஆனாவும் பாடகி. மதுக்கடைக் களியாட்ட மேடைகளிலே பாடிப் பிழைத்தவர்கள். தந்தையைக் குடி கொண்டுபோயிற்று. முதலிலே குடும்பத்தை விட்டார். பிறகு, 1901-ல், 38 வயதிலே உயிரையும் விட்டார். தாயின் குரல் ஒருநாள் மேடையிலேயே உடைந்தது. அன்று தாய்க்குப் பதிலாக மேடையேறிப் பாடியவன் ஐந்து வயது சார்லி என்று பிற்காலத்திலே அவரே எழுதியிருக்கிறார். சனங்கள் காசை வீசினார்களாம். பாட்டைப் பாதியிலே நிறுத்திவிட்டுச் சிறுவன் காசைப் பொறுக்கினானாம். அரங்கம் சிரித்ததாம். அவர் வாழ்க்கையிலே முதல் சிரிப்பு, தாயின் தோல்வியின் மீது எழுந்த சிரிப்பு!

குரல் போன தாய் தையல் வேலை செய்தாள். வாடகைக்குத் தையல் இயந்திரம். தவணை கட்டாததால் அதுவும் போயிற்று. 1896-ல், சார்லிக்கு ஏழு வயது, தாயும் பிள்ளைகள் இருவரும் ஏழைகள் விடுதிக்குள் நுழைந்தார்கள். அண்ணன் பெயர் சிட்னி. இந்த ஏழைகள் விடுதி என்பதை அன்னசத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். வாயிலிலேயே தாயை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்துவிடுவார்கள். உடுத்தி வந்த துணியைக் கழற்றிவிட்டு விடுதித் துணியைக் கொடுப்பார்கள். உலகத்திலே பாதியைக் கட்டி ஆண்ட பேரரசு, சொந்த நாட்டு ஏழைக்குக் கட்டிக் கொடுத்த வீடு அது! அங்கிருந்து பிள்ளைகளை ஆன்வெல் என்ற ஊரிலிருந்த ஆதரவற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே சார்லியின் தலையிலே படர்தாமரை வந்தது. மொட்டையடித்து, மருந்து தடவி, மற்றப் பிள்ளைகளிடமிருந்து ஒதுக்கி வைத்தார்கள்.

ஒரு நாளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். 1898-ல் மறுபடியும் மூவரும் விடுதியிலே இருந்த காலம். பிரிந்து கிடந்த பிள்ளைகளைப் பார்க்கத் தாய்க்கு ஒரே ஒரு வழி: விடுதியை விட்டே விலகிவிடுவதாகச் சொல்லுவது! சொன்னாள். மூவரையும் வெளியே விட்டார்கள். சிட்னியின் கையிலே ஒன்பது பென்சு இருந்தது. கருஞ்செர்ரிப் பழம் வாங்கினார்கள். கென்னிங்டன் பூங்காவிலே உட்கார்ந்து தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கிக் கயிற்றாலே கட்டிப் பந்தாக்கி, பிள்ளைகள் பிடித்து விளையாடினார்கள். நண்பகலிலே ஒரு காப்பிக் கடையில் மிச்சக் காசுக்குச் சாப்பாடு. பிறகு? பிறகு போக இடம் இல்லை. மாலைத் தேநீர் நேரத்துக்குள் மூவரும் விடுதி வாயிலிலே போய் நின்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து பதிவு! அலுவலர்கள் எரிந்து விழுந்தார்கள். துணிகளை மீண்டும் வேகவைக்க வேண்டுமே! தோழர்களே, சாப்ளின் படங்களிலே அடிக்கடி ஒரு காட்சி வரும். ஒன்றுமில்லாதவர்கள் ஒருநாள் விருந்து உண்பார்கள். மாலையிலே எல்லாம் கலைந்துவிடும். அந்தக் காட்சி எங்கே எழுதப்பட்டது என்று இப்போது தெரிகிறதா?

அந்த ஆண்டே தாய்க்கு மனம் கலங்கிற்று. தேறினாள். 1903-ல் மறுபடியும் கலங்கிற்று. சிட்னி கப்பல் வேலைக்குப் போயிருந்தான். சார்லிக்கு வயது 14. வீடு திரும்பும்போது தெருப் பிள்ளைகள் சொன்னார்கள்: உன் அம்மா வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று நிலக்கரித் துண்டு கொடுத்தாள் என்று. நடக்கவே தெம்பில்லாத தாயைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனவன் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை. பசியினால் வந்த பலவீனம் என்பது மருத்துவர் கருத்து. பின்னொரு நாள் பார்க்கப் போனபோது, அன்று பிற்பகல் ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்திருந்தால் தனக்கு ஒன்றும் ஆகியிராது என்று தாய் சொன்னாளாம். ஒரு கோப்பைத் தேநீர்! அந்தச் சொல்லைச் சாகும்வரை அவரால் உதற முடியவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்தான் என்கிறீர்களா? மரக்காலணி நடனக் குழுவிலே ஆடினான். பத்திரிகை விற்றான். அச்சகத்திலே இருந்தான். ‘செர்லாக் ஓம்சு’ நாடகத்திலே ஏவல் சிறுவன் வேடம் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறியவனுக்கு அண்ணன் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாடம் பண்ண வைத்தான். 1908-ல் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழு. அந்தக் குழுவோடு அமெரிக்கப் பயணம். அங்கே படமுதலாளிகளின் கண்ணிலே பட்டார். 1913-ன் முடிவிலே கீசுடோன் என்ற கம்பெனியில், வாரம் 150 டாலர் சம்பளம்.

1914 பிப்ரவரியிலே அந்த நாடோடி வேடம் முதல் முதலாகத் திரைக்கு வந்தது. எல்லாம் முரணாக இருக்க வேண்டும் என்று சேர்த்தாராம்: கால்சட்டை தொளதொள, மேற்சட்டை இறுக்கம், தொப்பி சிறிது, காலணி பெரிது. வேடிக்கைக்காகச் சேர்த்த வேடம் என்று சொல்லுவார்கள். நாம் பார்ப்பது வேறு. கந்தல்தான், ஆனாலும் கழுத்திலே ‘டை’ இருக்கிறது, கையிலே பிரம்பு இருக்கிறது, பெண்ணைக் கண்டால் தொப்பியைத் தூக்குகிறான். போலீசுக்காரன் அடித்துத் தள்ளினால் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, தோளைக் குலுக்கிவிட்டு நடக்கிறான். பிச்சைக்காரனாக அவனைப் பார்க்கும் உலகத்துக்கு, நான் மனிதன் என்று வாய் திறவாமலே அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உலகம் கேட்டது! 1915-ல் வாரம் 1,250 டாலர். 1916-ல், 26 வயதிலே, ஓராண்டுக்கு 6,70,000 டாலர். அடுத்த ஆண்டு எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம். ஏழைகள் விடுதியிலே துணியை வேகவைக்கக் கொடுத்த பிள்ளை! இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? தம்பி சொன்னது உண்மைதான். பெரும்பகுதி ஏழையின் சட்டைப் பையிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவிலே அன்று ஐந்து சென்ட்டுக்கும் பத்து சென்ட்டுக்கும் படம் பார்த்தவர்களிலே பலர் பிழைப்புத் தேடி அக்கரையிலிருந்து வந்தவர்கள். இத்தாலியன், யூதன், போலந்துக்காரன், ஐரிசுக்காரன். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. நாடகத்துக்குப் போனால் புரியாது. பத்திரிகை வாங்கினால் படிக்க முடியாது. பேசாத படம் ஒன்றுதான் அவர்களையும் மனிதராக மதித்து, மொழி கேட்காமல் உள்ளே விட்டது. அவர்களுக்காகவே 1917-ல் ‘தி இம்மிகிரன்ட்’ எடுத்தார். குடியேற வந்தவன் என்று பொருள். கப்பல் நியூயார்க்கை நெருங்குகிறது. சுதந்திர தேவியின் சிலை தெரிகிறது. எல்லோரும் ஏறிட்டு நோக்குகிறார்கள். அடுத்த கணமே அதிகாரிகள் வந்து கயிற்றைப் போட்டு அவர்களை மாட்டைப் போல ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. சிலை, கயிறு, அவ்வளவுதான்! இதை மேடையிலே விளக்க நமக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

பணத்தைக் கொண்டு அவர் முதலிலே செய்த காரியம், சொந்தமாக ஒரு படப்பிடிப்பு நிலையம் கட்டியது. 1918-ல் அது இயங்கத் தொடங்கிற்று. 1919-ல் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்ஸ், கிரிபித் ஆகியோருடன் சேர்ந்து ‘யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ்’ என்ற நிறுவனத்தையும் அமைத்தார். இனி எந்த முதலாளியும் அவர் படத்திலே கத்திரி வைக்க முடியாது. இதைத் தம்பி மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும், பின்னாலே தேவைப்படும்.

1919-ல் அவருக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. சில நாட்களிலேயே ஒரு சிறுவனைத் தேடத் தொடங்கினார். ‘தி கிட்’ படத்துக்காக. 1921-ல் வந்தது அந்தப் படம். தெருவிலே கிடந்த குழந்தையை நாடோடி எடுத்து வளர்க்கிறான். அநாதை விடுதி வண்டி வந்து பையனை வாரிக்கொண்டு போகிறது. பையன் கைநீட்டிக் கதறுகிறான். கூரை மேலே ஏறி ஓடி, வண்டிக்குள் குதித்துப் பையனை அணைத்துக்கொள்கிறான் நாடோடி. ஆன்வெல் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அப்படி யாரும் கூரை மேலே ஓடி வரவில்லை. திரையிலே ஓடி வந்தார், சாப்ளின். அதே 1921-ல் தாயைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தார். கடலோரத்திலே வீடு, கவனிக்க ஆட்கள். 1928-ல் அவள் மறையும் வரையிலே தேநீருக்குக் குறைவில்லை.

1925-ல் ‘தி கோல்டு ரஷ்’. பொன் தேடிப் பனிமலைக்குப் போனவர்களின் கதை. பசி. உணவு இல்லை. காலணியைக் கழற்றிக் கொதிக்க வைக்கிறான்! இதைப் பார்த்திராத தோழர்கள் தேடிப் பார்க்க வேண்டும். சும்மா தின்றுவிடவில்லை அவன். தட்டிலே வைத்து, நெய் ஊற்றுவது போல் சாற்றை ஊற்றி, கத்தியைத் தீட்டிக்கொண்டு, பெரிய விருந்திலே வான்கோழியை அறுப்பவன் போல மேல்தோலை அறுக்கிறான். அடித்தோலிலே ஆணிகள் நிற்கின்றன. அவற்றைக் கோழி எலும்பு போல் ஒவ்வொன்றாகச் சூப்புகிறான். கயிற்றை முள்கரண்டியிலே சுற்றி இடியாப்பம் போல் உறிஞ்சுகிறான். அந்தக் காலணி அதிமதுர மிட்டாயிலே செய்தது. ஆனால் முகம்? அந்த முகம் மிட்டாயிலே செய்ததல்ல. பசித்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, இது பாவமில்லையா என்றுகூடத் தோன்றும். நாம் சிரிப்பது அவன் பசியைப் பார்த்தல்ல. பசியிலும் அவன் விடாத பந்தாவைப் பார்த்து. நம் நாட்டிலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை இந்தியாவின் சார்லி சாப்ளின் என்று பத்திரிகைகள் அழைத்ததும் இந்த வித்தைக்காகத்தானே! சிரிக்க வைத்துக்கொண்டே நெஞ்சிலே முள்ளைச் செருகும் வித்தை.

குறைகளையும் சொல்லிவிடுவோம், மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு அல்ல, கோயில் தலபுராணம். 1918-லும் 1924-லும் அவர் மணந்த பெண்கள் இருவருக்கும் மணநாளிலே வயது 16. இரண்டு மணமும் முறிந்தன. வயதிலும் புகழிலும் செல்வத்திலும் மேலே நின்ற மனிதன், சிறுமிகளிடம் நடந்துகொண்ட முறையை மேதை என்ற பெயரைச் சொல்லி நாம் மன்னித்துவிட முடியாது. படப்பிடிப்பிலும் அவர் கடுமையானவர். மற்றவர்களைக் களைக்க வைத்தவர். கலைஞன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது நம் வழக்கமல்ல.

1927-ல் திரை பேசத் தொடங்கிற்று. ஓரிரு ஆண்டுகளிலே ஊமைப் படத்துக்கு ஊதிவிட்டார்கள் சங்கு! அப்போது சாப்ளின் எடுத்துக்கொண்டிருந்த படம் ‘சிட்டி லைட்ஸ்’. ஆலிவுட் முழுவதும் பேசியது. அவர் மட்டும் பேச மறுத்தார். ஏன்? நாடோடி ஆங்கிலம் பேசிவிட்டால் அவன் ஆங்கிலேயனாகிவிடுவான். பேசாதவரையில் அவன் எல்லோருக்கும் சொந்தக்காரன். இதிலே சொந்தப் பணமும் பெயரும் பணயம் வைக்கப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் படத்திலே கண் தெரியாத பூக்காரப் பெண் ஒருத்தி, இந்த நாடோடியைப் பணக்காரன் என்று எண்ண வேண்டும். எப்படி எண்ணுவாள்? பேசாத படத்திலே அதை எப்படிக் காட்டுவது? இதற்கு விடை தேடி அந்த ஒரு காட்சியை 342 முறை எடுத்தார் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். கடைசியிலே கிடைத்த விடை எவ்வளவு எளிமை! போலீசுக்காரனுக்குப் பயந்து, தெருவிலே நின்ற சொகுசுக் காரின் ஒரு கதவாலே நுழைந்து மறு கதவாலே இறங்குகிறான். கதவு சாத்தும் ஓசை அவள் காதிலே விழுகிறது. காரிலிருந்து இறங்கிய சீமான் என்று பூவை நீட்டுகிறாள். கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுக்கிறான். அதற்குள் காரின் சொந்தக்காரன் வந்து ஏறிப் போய்விடுகிறான். சில்லறையை வாங்காமலே சீமான் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். ஓசைப்படாமல் விரல் நுனியிலே நடந்து விலகுகிறான் ஏழை.

அவளுக்குக் கண் கிடைக்க அவன் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது காலணி மட்டுமல்ல, ஆளே கிழிந்திருக்கிறான். அவளோ பூக்கடை வைத்திருக்கிறாள், கண் தெரிகிறது. இந்தக் கந்தலைக் கண்டு சிரிக்கிறாள். இரக்கப்பட்டுப் பூவும் காசும் கொடுக்கிறாள். காசை அவன் கையிலே வைத்து அழுத்துகிறாள்... கை தெரிந்துகொள்கிறது! கண் காணாததைக் கை கண்டுகொள்கிறது. அவ்வளவுதான் படம். ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்பதைச் சொல்லவே இல்லை. 1931 ஜனவரியிலே லாசு ஏஞ்சல்சு நகரத்து முதல் காட்சிக்கு விருந்தினராக வந்தவர் விஞ்ஞானி ஐன்சுடைன். அவருக்குப் புரிந்த படம் நம் தெருமுனைப் பூக்கார அம்மைக்கும் புரியும். ஒரு சொல்கூடக் குறையாமல்!

அந்த 1931-ஆம் ஆண்டு செப்டம்பரிலே, வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் வந்திருந்த காந்தியாரை அவர் சந்தித்தார். சந்திப்பு நடந்த இடம், தொழிலாளர் வாழும் கிழக்கு இலண்டனிலே ஒரு சிறு வீடு. சாப்ளினின் ஐயம் இதுதான்: இயந்திரத்தை நீங்கள் ஏன் வெறுக்கிறீர்கள், சரியாகப் பயன்படுத்தினால் அது மனிதனின் உழைப்பு நேரத்தைக் குறைத்து விடுதலை தராதா என்பது. அந்த இயந்திரத்தாலேதான் இந்தியா இங்கிலாந்தை நம்பி வாழும்படி ஆயிற்று என்பது காந்தியார் தந்த விளக்கத்தின் சாரம். இருவரிலே யார் பக்கம் நியாயம் என்ற வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. டெட்ராயிட் நகரத்து ஆலைகளிலே ஓடும் பட்டையின் முன்னே நின்ற திடகாத்திரமான இளைஞர்கள், நாலைந்து ஆண்டுகளிலே நரம்பு தளர்ந்து வீழ்வதைப் பத்திரிகையாளர் ஒருவர் மூலம் முன்பே கேள்விப்பட்டிருந்தார். அந்தச் செய்திதான் படிப்பகத்துச் சுவரிலே நாம் கண்ட படம். முன்வரிசைப் பெரியவர் தம் கையைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று இப்போது விளங்கும்.

அதே படத்திலே, கழிப்பிடத்துக்குப் போய்ப் புகைபிடிக்கத் தொடங்கினால் அங்கும் சுவரிலே முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குப் போ என்று விரட்டுகிறது. 1936-ல் அது கற்பனை! இன்று மூலைக்கு மூலை கேமரா மாட்டிய கிடங்குகளிலே பெட்டி கட்டும் நம் தம்பிமார்களுக்கு அது கற்பனையாகத் தெரியவில்லை. பலத்த கைதட்டல் அந்த இடத்திலேதான் எழுந்தது. இன்னொரு காட்சி: லாரியிலிருந்து விழுந்த சிவப்புத் துணியை எடுத்து, நில் நில் என்று ஆட்டிக்கொண்டு போகிறான். பின்னாலே வேலையற்றோர் ஊர்வலம் திருப்பத்திலே வந்து சேர்கிறது. தலைவன் இவன்தான் என்று போலீசு பிடித்துக்கொண்டு போகிறது!

நாடோடி சங்கத்திலே சேர்வதில்லை, மேடை ஏறுவதில்லை, சந்தா கட்டுவதில்லை. தற்செயலாகக் கொடி பிடிக்கிறான், தப்பினால் ஓடிவிடுகிறான். இது குறை என்று சொல்லுவோர் உண்டு. நாமும் ஒரு காலத்திலே மேடையிலே சொல்லியிருக்கிறோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. கொடியைக் கையிலே எடுக்காத கோடிப் பேரின் முகமும் அதுதானே?

1889 ஏப்ரலிலே சாப்ளின் பிறந்து நான்கு நாள் கழித்துப் பிறந்தவன் இட்லர். இவருக்கும் ஒட்டு மீசை, அவனுக்கும் அதே மீசை! ஆலிவுட் முதலாளிகள் செர்மனியிலே படம் விற்க வேண்டுமே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலத்திலே, 1939-ல், தம் சொந்தப் பணத்தைப் போட்டு ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுக்கத் தொடங்கினார். 1940-ல் வந்தது. உலக உருண்டைப் பந்தைப் பிட்டத்தாலே தட்டி விளையாடும் சர்வாதிகாரி! கடைசியிலே, அந்தச் சர்வாதிகாரி என்று தவறாக எண்ணப்பட்ட யூத நாவிதன் ஒலிபெருக்கி முன் நின்று வெறுப்புக்கு எதிராகப் பேசுகிறான். பேச மாட்டேன் என்று இருந்தவர், பேச வேண்டிய நேரத்திலே பேசினார். நாம் கட்டச் சொன்ன கணக்கு இதுதான், தம்பி! சொந்தக் கொட்டகை, சொந்தப் பணம் இல்லாதிருந்தால் எந்த முதலாளி அந்தப் பேச்சை எடுக்க விட்டிருப்பான்? கொலை முகாம்களின் முழுக் கொடுமை அன்றே தெரிந்திருந்தால் அதை வைத்துச் சிரித்திருக்க முடியாது என்று பிற்காலத்திலே எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு விலை கேட்டார்கள். போர்க்காலத்திலே சோவியத்துக்கு உதவ இரண்டாவது போர்முனை திற என்று 1942-ல் மேடைகளிலே பேசினார். அவ்வளவு போதும், கம்யூனிஸ்டு என்ற முத்திரை விழுந்தது. அமெரிக்கக் குடியுரிமை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார்கள். உளவுத்துறை ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் எழுதிக் குவித்தது. வழக்குகள் போட்டார்கள், ஒரு பெண் தொடுத்த வழக்கிலே, குழந்தை அவருடையதல்ல என்று இரத்தச் சோதனை சொல்லியும் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1947-ல் வந்த ‘மான்சியர் வெர்டூ’வை எதிர்த்துச் சங்கங்கள் மறியல் செய்தன.

1952 செப்டம்பரிலே, ‘லைம்லைட்’ படத்தின் இலண்டன் திறப்புக்காக மனைவி ஊனாவோடும் குழந்தைகளோடும் நியூயார்க்கிலே கப்பலேறினார். கப்பல் நடுக்கடலிலே இருக்கும்போது செய்தி வந்தது: திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு நீக்கிவிட்டது! ‘தி இம்மிகிரன்ட்’ படத்திலே சிலையின் முன்னாலே கயிறு போட்டதைக் காட்டியவருக்கு, 35 ஆண்டு கழித்து அதே கயிறு! சொத்தெல்லாம் அமெரிக்காவிலே. ஊனா தனியாகத் திரும்பிப் போய்ப் பணத்தை மீட்டு வந்தார். 1953-ல் சுவிட்சர்லாந்திலே குடியேறினார்கள். அந்த மாளிகைதான் தம்பி குத்திக் காட்டிய மாளிகை. மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதியிருந்தால், நாலு நண்பர்களின் பெயரைக் காட்டிக்கொடுத்திருந்தால், கலிபோர்னியா மாளிகையிலேயே இருந்திருக்கலாம். அன்று அங்கே அதைச் செய்தவர்கள் பலர். இவர் செய்யவில்லை.

பிற்காலப் படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1967-ல் வந்த கடைசிப் படம் சோர்ந்த படம். 1972-ல், இருபது ஆண்டு கழித்து, அமெரிக்கத் திரையுலகம் அவரை அழைத்துச் சிறப்பு ஆசுகர் விருது தந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நிமிடக்கணக்கிலே கைதட்டியது. கண்கள் கலங்கின, வார்த்தை வரவில்லை. ஒரு தொப்பியையும் பிரம்பையும் கொண்டுவந்து கையிலே கொடுத்தார்கள். 82 வயதுக் கிழவர் தொப்பியைத் தலையிலே வைத்தார். அது பழைய வித்தைப்படி துள்ளிப் பறந்தது. 1975-ல் இங்கிலாந்து அவருக்கு சர் பட்டம் சூட்டியது. ஏழைகள் விடுதியிலே அடைத்த அதே இங்கிலாந்து!

1977 டிசம்பர் 25-ல், உறக்கத்திலேயே மறைந்தார். அதற்கப்புறமும் ஒரு சாப்ளின் படம் நடந்தது. 1978 மார்ச்சிலே பிழைப்பற்ற இருவர் அவருடைய சவப்பெட்டியைத் தோண்டிக்கொண்டு போய், பணம் கேட்டு மிரட்டினார்கள். ஊனா மசியவில்லை. மே மாதம் இருவரும் பிடிபட்டார்கள். ஒரு வயலிலே புதைத்து வைத்திருந்த பெட்டி கிடைத்தது. இந்த முறை கான்கிரீட்டு போட்டுப் புதைத்தார்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இந்த விளக்கம் முழுத் திருப்தி தந்ததா என்றால், இல்லை. பணம் பணம்தான் என்கிறார்; இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு அதே சுவரிலே ‘சிட்டி லைட்ஸ்’ காட்டுகிறார்கள். வேட்டி கட்டும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். முன்வரிசைப் பெரியவர், இந்தப் படத்திலாவது பேசுவார்களா என்று கேட்டார். பேச மாட்டார்கள் என்றோம். அப்படியானால் வீட்டுக்காரியையும் அழைத்து வருகிறேன், அவளுக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.